இறப்பர்பாலும் நம் ஆறுகளும்: வன்னிக் கமக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வறண்ட வலயத்திலும் இறப்பர் வைக்கலாம் என்ற பேச்சு வன்னிக்கு வந்து சில காலமாகிறது. அதோடு கேள்விகளும் வந்தன. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும், கமநல சேவை நிலைய வாசலிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் அம்மா களுத்துறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்தார். இறப்பரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது. மீதி படித்தும் பார்த்தும் அறிந்தது.

வன்னியில் இறப்பர் எங்கே இருக்கிறது? இல்லாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கவலை?

நியாயமான கேள்வி. இலங்கையின் இறப்பர் இன்னும் பெரும்பாலும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில்தான் இருக்கிறது. 1876இல் பிரேசிலில் இருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் அங்கே முளைத்தன. அந்தக் கன்றுகள் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடவுக்கு வந்து, அங்கிருந்து ஈரவலயம் முழுக்கப் பரவின. இப்போது அங்கே புதிதாக நடக் காணி கிடைப்பது கஷ்டம். அதனால்தான் மொனராகலை, அம்பாறை என்று இறப்பர் வறண்ட பக்கம் நகர்ந்தது. அகலவத்தையில் இருக்கும் இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் வவுனியாவிலும் நட்டுப் பார்த்திருக்கிறது.

இன்றைக்கு நம் ஆறுகளை இறப்பர் கெடுக்கவில்லை. வயலுக்கு அடிக்கும் மருந்தும் ஆற்று மணல் அகழ்வும்தான் இப்போதைய பெரிய தொல்லைகள். ஆனால் இறப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருடம் ஆகும். யோசிக்க நமக்குக் கிடைக்கும் காலம் அதுதான். கொட்டகையைக் கட்டி, கழிவு வாய்க்காலையும் வெட்டி முடித்த பிறகு அதைத் திருப்பச் சொன்னால் எவரும் திருப்பமாட்டார்கள்.

மரம்தானே? மரம் நட்டால் ஆறு எப்படிக் கெடும்?

மரம் கெடுப்பதில்லை. கெடுப்பது மரத்தில் இருந்து இறங்கிய பாலை ஷீட்டாக்கும் வேலை.

காலையில் வெட்டிச் சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து வந்து வடிப்பார்கள். தண்ணீர் சேர்த்து ஐதாக்குவார்கள். தட்டில் ஊற்றிப் போமிக் அமிலம் கலந்தால் பால் உறையும். உறைந்த பாளத்தை றோலரில் போட்டுப் பிழிவார்கள், கழுவுவார்கள், கொடியில் போட்டு வடியவிடுவார்கள், பிறகு புகைக்கூட்டில் சில நாள் காயவைப்பார்கள். பிழியும்போதும் கழுவும்போதும் வெளியேறுகிற தண்ணீர்தான் பிரச்சினை. தோட்டத்தில் அம்மா வேலை செய்த காலத்தில் அது ஸ்டோருக்கு, அதாவது ஷீட் அடிக்கும் கட்டடத்துக்கு, பின்னால் ஒரு சின்ன ஓடையில் விழுந்ததாம். காலை பத்து மணிக்குப் பிறகு அந்த ஓடை பால்போல வெள்ளையாகும். மத்தியானம் நாற்றம் தொடங்கும். லயத்துப் பிள்ளைகள் அதில் குளிக்கவே மாட்டார்கள். "அது ஓடை இல்லை, கழிவு வாய்க்கால்" என்பார் அம்மா.

அந்தத் தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா?

சயனைட் மாதிரியான நஞ்சு என்று நினைக்க வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் சாப்பாடு, அதாவது நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. இறப்பர்பாலில் 30 முதல் 40 வீதம்தான் இறப்பர். பெரும்பகுதி தண்ணீர். மீதி ஐந்தாறு வீதம் புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்புகள். பால் உறையும்போது இறப்பர் கட்டியாகிவிடும். கரைந்திருந்த புரதமும் சர்க்கரையும் பெரும்பாலும் பிழியும்போது வரும் இளமஞ்சள் நிறத் தண்ணீரோடு போய்விடும். கூடவே அமிலமும் போகும்.

இந்தத் தண்ணீர் ஆற்றுக்குள் போனால் நுண்ணுயிர்கள் பெருகி அதைத் தின்னும். தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சுவிட ஒன்றும் மிஞ்சாது. ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்த பிறகு வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அழுகிய முட்டை மணம் வருவது அப்போதுதான். ஒரு குளத்தில் திலாப்பியாவும் கெண்டையும் மிதந்து, விரால் மட்டும் உயிரோடு இருந்தால் ஒட்சிசன் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். விரால் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துத் தப்பிவிடும். திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் அது முடியாது.

ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சின்னக் கமக்காரரால் எவ்வளவு கெட்டுவிடப் போகிறது?

இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். தோராயக் கணக்குத்தான், ஆனால் கண்ணைத் திறக்கும்.

ஏக்கருக்கு ஏறக்குறைய 200 மரம். ஒரு வெட்டுக்கு ஒரு மரம் 30 கிராம் காய்ந்த இறப்பர் தந்தால் 6 கிலோ. அது கிட்டத்தட்ட 20 லீற்றர் பாலுக்குச் சமம். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 40 லீற்றர். பிழிந்தபின் 30 லீற்றர் மஞ்சள் தண்ணீர் வெளியே வரும். கழுவும் நீர் தனி. இப்படியான தண்ணீர் லீற்றருக்கு 3 கிராம் அளவு ஒட்சிசனைக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால் 30 லீற்றருக்கு 90 கிராம். நம் வெயிலில் சூடேறிய நல்ல குளத்து நீரில் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான் ஒட்சிசன் கரைந்திருக்கும். வகுத்துப் பாருங்கள்: 12,000 லீற்றர். ஒரே ஒரு ஏக்கரின் ஒரே ஒரு காலை வேலை, ஒரு பெரிய பவுசர் தண்ணீரை மூச்சுத் திணற வைக்கப் போதும்.

ஒரு ஊரில் 20 பேர் ஆளுக்கொரு ஏக்கர் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், தினமும் 10 ஏக்கரின் தண்ணீர் வரும். அது 1,20,000 லீற்றர் குளத்து நீரின் ஒட்சிசனுக்குச் சமம். வற்றும் காலத்தில் ஒரு ஏக்கர் பரப்பில் மூன்றடி ஆழமாகச் சுருங்கிக் கிடக்கும் சிறு குளத்தில் ஏறக்குறைய 37 இலட்சம் லீற்றர் தண்ணீர்தான் இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத்தான் அது காணும். காற்றிலிருந்து புது ஒட்சிசன் கரையும் என்பது உண்மைதான். ஆனால் காற்றில்லாத சூடான இரவில், பாசி மண்டிய குளத்தில் அது மிக மெதுவாகத்தான் நடக்கும்.

தெற்கில் நூறு வருடத்துக்கு மேலாக வெட்டுகிறார்களே! களு கங்கை செத்துவிட்டதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

களு கங்கை வருடம் முழுக்க ஓடுகிறது. அதன் நீரேந்து பிரதேசத்தில் பல இடங்களில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். ஸ்டோரில் இருந்து வந்த வெள்ளைத் தண்ணீர் ஓடையைக் கெடுக்கும், கிளையாற்றை நாறடிக்கும். ஆனால் பெரிய கங்கையில் சேர்ந்ததும் கரைந்து, கற்களில் மோதி, காற்றை உள்வாங்கிக் கடலுக்குப் போய்விடும். அங்கேயும் கெடுதி இருக்கிறது. அம்மாவின் ஓடை அதற்குச் சாட்சி. ஆனால் மன்னிக்கிற ஆறு அது.

நம் ஆறுகள் அப்படியில்லை. கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் மாரியில் மட்டும் ஆறு. ஐப்பசி தொடங்கித் தை வரை ஓடும். பிறகு மெலிந்து, சித்திரை கழிந்தால் மணலும் இடையிடையே மடுக்களுமாகக் கிடக்கும். அந்த மடுவில்தான் மாடு தண்ணீர் குடிக்கும், காட்டுப் பன்றியும் மானும் குடிக்கும், பிள்ளைகள் தூண்டில் போடுவார்கள். அப்படி நிற்கிற ஒரு மடுவுக்குள் தினமும் 30 லீற்றர் ஷீட் தண்ணீர் விழுந்தால் அது எங்கேயும் போகாது. அங்கேயே கிடந்து புளித்து, கறுத்து, ஊறும்.

பிறகு முதல் மாரி வரும். ஆறேழு மாதமாகச் சேர்ந்ததெல்லாம் ஒரே இரவில் அள்ளப்பட்டு வரும். எங்கே வரும்? கடலுக்கு இல்லை, குளத்துக்கு. வன்னி ஆறுகளின் பாதையில் குளம் இருக்கிறது. கனகராயன் ஆற்றில் இரணைமடு, பேராற்றில் முத்தையன்கட்டு, பாலியாற்றில் வவுனிக்குளம். அவை போதாதென்று ஒவ்வொரு ஊரின் சிறு குளங்களும் ஒன்று நிரம்பி வான் வழியே வழியும் நீர் இன்னொன்றுக்குள் விழும்படி கோர்த்துக் கிடக்கின்றன. மேல் ஊர் விட்டது கீழ் ஊருக்கு, கீழ் ஊர் விட்டது அதற்கும் கீழ் ஊருக்கு. கிழக்குப் பக்கம் ஓடுவது கடைசியில் நந்திக்கடல், சுண்டிக்குளம் களப்புகளுக்குப் போய் இறால் வளரும் இடத்தில் முடியும். ஈரவலயத்து ஆறு அழுக்கைக் கடலுக்குக் கொண்டு போகிறது. நம் ஆறோ அதை நம் குளத்தில், நாம் குடிக்கிற, குளிக்கிற, பயிர்செய்கிற இடத்திலேயே கொண்டுவந்து வைக்கிறது.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் தெற்கில் நடப்பதை அப்படியே இங்கே நட்டால் என்ன நடக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எந்த அமிலம் பாவிப்பது நல்லது?

போமிக் அமிலம். ஒரு கிலோ காய்ந்த இறப்பருக்குச் சில மில்லிலீற்றர் போதும், அதையும் நன்றாக ஐதாக்கித்தான் சேர்க்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் அது நுண்ணுயிர்களால் சிதைந்துவிடும்.

மலிவு என்று சிலர் சல்பூரிக் அமிலம் பாவிப்பார்கள். பற்றரிக்கு ஊற்றும் அதே அசிட்தான். வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சல்பேற்று சிதையாது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் அது ஐதரசன் சல்பைட்டாக மாறும், அதாவது அந்த முட்டை நாற்றமும் மீனுக்கு நஞ்சும். ஷீட்டின் தரமும் கெடும், றோலரும் துருவேறும். மிச்சம் பிடித்த நூறு ரூபாய் அங்கேயே போய்விடும்.

அமோனியா பற்றியும் கேட்கிறார்கள். பாலை உறையவிடாமல் திரவமாகவே விற்பவர்கள் அது சேர்ப்பார்கள். பால் சேகரிக்கும் நிலையத்தில் தொட்டி கழுவிய நீர் வாய்க்காலுக்கு வந்தால் அமோனியாவும் வரும். மீன் குஞ்சுகளுக்கு அது மிகக் கெட்டது.

களைகொல்லி, உரம் எல்லாம்?

இளம் தோட்டத்தில்தான் அதிகம். மரம் நிழல் மூடும்வரை களை மண்டும், மருந்து அடிக்கச் சொல்லும். கிளைபோசேற்று என்ற களைகொல்லியை 2015இல் நாடு முழுக்கத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2022இல் தடையே நீங்கியது. நம் எல்லையில் பதவியா, வவுனியாப் பக்கக் கிராமங்களில் சிறுநீரக நோயால் எத்தனை வீடுகள் நொந்திருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நோய்க்குக் காரணம் கிளைபோசேற்றுதான் என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனதாக முடிவு செய்யவில்லை. இறப்பர்தான் காரணம் என்று எவரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் குடிநீர் ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிற ஊரில் இன்னொரு மருந்துப் போத்தலைத் திறக்கத்தான் வேண்டுமா என்று நான் கேட்பேன்.

மருந்துக்குப் பதில் மூடுபயிர் இருக்கிறது. பியூரேரியா என்ற அவரைக் குடும்பத்துக் கொடியைத் தெற்கில் இளம் இறப்பருக்குள் படரவிடுவார்கள். களையை அமுக்கும், மண்ணுக்கு நைதரசன் தரும், மழை அடித்து மண் கரைவதையும் தடுக்கும். நம் கடும் கோடையில் அது வாடும் என்பதால் வரிசைக்கிடையில் முதல் மூன்று வருடம் கச்சானோ உழுந்தோ போடுவது இங்கே பொருத்தமாக இருக்கும். வருமானமும் வரும்.

உரத்தில் எப்பாவல பொசுபேற்றுப் பாறைத் தூள்தான் இறப்பருக்கு வழக்கம். அது நீரில் இலகுவில் கரையாது. ஆனால் மண்ணோடு சேர்ந்து அடித்துப் போகும். வெறும் மண்ணில் தூவிவிட்டு அடுத்த நாள் ஐப்பசி மழையை எதிர்பார்ப்பது, உரத்தைக் குளத்துக்குப் போடுவதுபோல. பிறகு குளத்தில் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் ஏன் மண்டுகிறது என்று கேட்கக்கூடாது.

ஆற்றங்கரை வரைக்கும் நடலாமா? ஈரம் இருக்கிற இடம் அதுதானே.

நடக்கூடாது. ஆற்றங்கரையில் நிற்கும் மருதும், நாவலும், புங்கும் சும்மா நிற்கவில்லை. மாரி வெள்ளத்தில் கரையைப் பிடித்திருப்பவை அவை. மேட்டிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் வடிகட்டுபவையும் அவைதான். குளத்தின் அலைகரைக்கும் இதே பேச்சு. அலைகரையில் ஒரு வரிசை மரம்கூட வைக்க எவருக்கும் உரிமை இல்லை, அது குளத்துக்குரிய நிலம். ஏற்கெனவே அங்கே நெல் வைப்பதை நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம் என்பது எனக்குள்ள நீண்ட நாள் ஆதங்கம்.

இறப்பர் மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுமா?

உறிஞ்சும், எல்லா மரமும்போல. கோடையில் இலை உதிர்த்துவிட்டு, மழை வருமுன்பே புது இலை விடுகிற பழக்கம் இறப்பருக்கு உண்டு. அந்த நேரத்தில் ஆழத்து ஈரத்தைத்தான் எடுக்கும். சீனாவின் தெற்கில் சிசுவாங்பன்னாவில் காட்டை அழித்து மலை மலையாக இறப்பர் வைத்த இடங்களில் ஓடைகள் வற்றியதாக ஊர் மக்கள் முறையிட்டார்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைப்பதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. காட்டை வெட்டி வைப்பதுதான் தவறு.

கிணற்றுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. மஞ்சள் தண்ணீரைக் குழி வெட்டி விட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வன்னியின் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். அதன் வெடிப்புகளில்தான் கிணற்று ஊற்று. குழியில் விட்டது வெடிப்பு வழியே யார் வீட்டுக் கிணற்றில் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றில் சேரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் உரத்தாலும் மலக்குழியாலும் இதே கதை நடந்தது.

கம்பஹா மாவட்டத்தின் ரத்துபஸ்வெலவை ஞாபகம் இருக்கிறதா? அங்கே இருந்தது தோட்டம் அல்ல, இறப்பர்க் கையுறைத் தொழிற்சாலை. கிணறுகள் அமிலமாகிவிட்டன, காரணம் அந்தத் தொழிற்சாலைதான் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். நல்ல தண்ணீர் கேட்டு 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வீதிக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். சிங்கள ஊர்தான், ஆனால் அந்தச் செய்தியை வாசித்த அன்று நம் ஊர்க் கிணற்றைத்தான் நான் நினைத்தேன்.

சரி, வீட்டளவில் என்னதான் செய்வது?

இதில்தான் நல்ல செய்தி இருக்கிறது. பெரும்பாலானது கைவேலை, பெரிய செலவு இல்லை.

முதலில், வெள்ளைத் தண்ணீரை வெளியே விடாதீர்கள். சரியாக உறைந்த பாலில் பிழியும் தண்ணீர் தெளிவாக, இளமஞ்சளாக இருக்கும். வெள்ளையாக வந்தால் இறப்பரே ஓடுகிறது என்று அர்த்தம். அமிலம் குறைந்திருக்கும், அல்லது அவசரப்பட்டுச் சீக்கிரம் பிழிந்திருப்பீர்கள். ஆற்றைக் கெடுப்பதும் உங்கள் காசும் ஒரே வாய்க்காலில்தான் போகின்றன. எந்தக் கமக்காரரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, ஒரு பொறித்தொட்டி. சீமெந்துக் கல்லில் மூன்று அறை. ஒரு அறையில் இருந்து அடுத்ததுக்குத் தண்ணீர் அடிப்பக்கமாகத்தான் போக வேண்டும். மிஞ்சிய இறப்பர் மேலே மிதந்து ஆடையாகப் படியும். வாரத்துக்கு ஒருமுறை அள்ளிக் காயவைத்தால், மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலோடு சேர்த்து விற்கலாம். (ஒட்டுப்பால் என்ற சொல் கன்னியாகுமரி இறப்பர்க் காட்டிலும் அதே சொல்தான். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் மலையக உறவுகளுக்கு வேலை கொடுக்கத்தான் அங்கே அரசு ரப்பர் கழகம் 1984இல் தொடங்கியது. சொல்லும் ஆளும் கடல் தாண்டியிருக்கிறார்கள்.)

மூன்றாவது, சாம்பல். புகைக்கூடு இருந்தால் விறகுச் சாம்பல் நிறைய மிஞ்சும். அது காரம். மஞ்சள் தண்ணீரோ புளிப்பு. தொட்டியின் கடைசி அறையில் சலித்த சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து லிற்மஸ் தாள் நனைத்துப் பாருங்கள், புளிப்பு அடங்கும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: உயிர்வாயு. வன்னியில் மாட்டுக்குப் பஞ்சமில்லை. சாணத்தோடு இந்தத் தண்ணீரைக் கலந்து மூடிய தாங்கியில் விட்டால், ஆற்றில் ஒட்சிசனைத் தின்ன இருந்த அதே சர்க்கரையும் புரதமும் அடுப்புக்கு எரிவாயுவாகும். கேரளத்தில் சிறு இறப்பர்க் கமக்காரர் பலர் இப்படிச் சமைக்கிறார்கள். அகலவத்தையிலும் மூடிய தாங்கிக்குள் தென்னந்தும்பை அடுக்கி, அதில் நுண்ணுயிர்களைக் குடியேற்றிச் சுத்திகரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். தும்பு நமக்கும் கிடைக்கும் பொருள்தான். தாங்கிக்குள் அளவுக்கு மீறிப் புளிப்பு சேர்ந்தால் வாயு வருவது நின்றுவிடும், ஆகவே சாம்பல் வேலையை முதலில் செய்ய வேண்டும்.

தாங்கியில் இருந்து வெளியேறுவதைத் தென்னைக்கும், மாட்டுப் புல்லுக்கும், இறப்பர் வரிசைக்கும் நாலைந்து மடங்கு தண்ணீர் கலந்து இடம் மாற்றி மாற்றி விடுங்கள். அதில் நைதரசனும் பொற்றாசியமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோது பட்ட பாட்டை மறக்காதவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். கிணற்றுக்கு நூறு அடிக்குள் விடவேண்டாம், மழை நாளில் எங்குமே விடவேண்டாம்.

ஷீட் அடிக்காமல் சிரட்டையிலேயே கட்டியாக விட்டு விற்றால்?

விற்கலாம். தாய்லாந்தின் வடகிழக்கில் பெரும்பாலும் அப்படித்தான். அமிலத் தண்ணீர் வீட்டில் மிஞ்சாது, றோலர் வாங்கவும் வேண்டாம். விலை ஷீட்டைவிடக் குறைவு. கட்டிகளைக் குவித்து வைத்தால் வடியும் நீரும் நாற்றமும் உண்டு, ஆகவே சீமெந்துத் தரையும் கூரையும் வேண்டும். கட்டியைக் கழுவி அரைக்கும் தொழிற்சாலைக்கு அழுக்கு இடம்மாறுகிறது, மறையவில்லை. ஆனாலும் ஒரு தொழிற்சாலையைக் கண்காணிப்பது நூறு கொட்டகைகளைக் கண்காணிப்பதைவிட இலகு.

இருபது பேர் சேர்ந்து ஊருக்கு ஒரே ஒரு பதப்படுத்தும் கொட்டகை போடுவது இதைவிட நல்லது என்பது என் எண்ணம். ஒரு பொறித்தொட்டி, ஒரு எரிவாயுத் தாங்கி, பொறுப்பான ஒரு ஆள்.

எங்கள் வாய்க்காலில் சந்தேகமான தண்ணீர் வருகிறது. யாரிடம் போவது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன்படி, பட்டியலிடப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவு நீரை வெளியே விடக்கூடாது. வெளியே விடும் நீருக்கும் தர எல்லை உண்டு. சுத்திகரிக்காத ஷீட் தண்ணீரின் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். சட்டம் அனுமதிப்பது இரண்டு இலக்கத்தில்தான். இடைவெளி அவ்வளவு பெரிது.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். மாவட்டத்தின் மத்திய சுற்றாடல் அதிகார சபை அலுவலகத்துக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒன்று. குளத்துக்குப் போகிறதென்றால் கமநல சேவை நிலையத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ இன்னொன்று. திகதி, நேரம், படம், எந்த இடத்தில் வாய்க்கால் சேர்கிறது என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பின்னேரமும் எடுத்த மூன்று படங்கள் நீண்ட கடிதத்தைவிடப் பேசும். ஒருமுறை வேறொரு கழிவு விஷயத்தில் நான் வாயால் முறைப்பாடு சொல்லி நாலு மாதம் அலைந்தேன். எழுத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி கையில் இருந்த பிறகுதான் ஆள் வந்து பார்த்தார்.

நீதிமன்றமும் தூரமில்லை. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. மாசுபடுத்தியவரே பொறுப்பு என்ற கொள்கை வடக்கின் கிணற்றுத் தண்ணீருக்காகவும் உறுதியானது.

அப்படியென்றால் இறப்பர் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. மரம் நிழல் தரும், மண்ணைப் பிடிக்கும், மாதாமாதம் கையில் காசு வரும். நெல்லை மட்டும் நம்பி மழை பொய்த்த வருடம் நகையை அடகுவைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பால் வெட்டத் தெரிந்த கைகளும் இங்கே இருக்கின்றன. 1977இலும் 1983இலும் தெற்குத் தோட்டங்களில் இருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களில் வயதானவர்கள் இன்னும் பட்டையின் ஆழத்தை விரலால் சொல்வார்கள். அவர்களுக்குச் சொந்தக் காணியில் சொந்த மரம் கிடைப்பதென்றால் அதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். தண்ணீர் எங்கே போகும் என்பதைக் கன்று நடும் முன்பே தீர்மானியுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

கொட்டகையை எந்த இடத்தில் போடுவது?

வரைபடம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கார்த்திகையில் நல்ல மழை பெய்யும் ஒரு நாள் குடையோடு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். காலடியில் ஓடும் தண்ணீரின் பின்னாலேயே நடந்து போங்கள். அது வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் குளத்தில் விழுந்தால், அந்த இடம் சரிவராது. புல்லிலோ தென்னந்தோட்டத்திலோ பரவி நின்று ஊறினால், அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள். கொட்டகையை அங்கே போடலாம்.